கை தூக்கினால் கார் நிற்கும்

ஓய்வு பெற்றவர்கள்தான் பணி அனுபவம் எழுத வேண்டும் என்றால் எனக்கும் அந்தத் தகுதி இருக்கிறது. மாணவர் ஃபார்முலா அணியில் பட்டம் வாங்குகிற அன்றே ஓய்வு. மறுநாள் ஷெட்டுக்குப் போனால் டீ கொடுப்பார்கள், ஸ்டூல் இழுத்துப் போடுவார்கள், ஸ்பேனரை மட்டும் கையில் தர மாட்டார்கள். எனக்கு அந்த நிலை வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. கை இன்னும் அரிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, டயரில் எவ்வளவு காற்று, வெல்டிங்கில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் உங்கள் சீனியர்கள் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். நான் சொல்லப்போவது கார் ஓடுவதைப் பற்றி இல்லை. கார் நிற்பதைப் பற்றி.

அதற்கு முதலில் ஜப்பானுக்குப் போக வேண்டும். வாங்க.

இரண்டாமாண்டு முடிந்த விடுமுறையில், திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து நான் ஒரு ஜப்பானிய ஃபார்முலா அணியின் வரலாற்றை முழுசாகப் படித்தேன், பார்த்தேன், திரும்பத் திரும்பப் பார்த்தேன். பாதி வீடியோ, பாதி ரசிகர்கள் எழுதியது. எல்லாம் ஜப்பான் மொழி. போன் மொழிபெயர்த்துத் தந்ததை வைத்துக்கொண்டு புரிந்தவரை புரிந்துகொண்டேன். அணியின் பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்களே தேடுங்கள், தேடுவதில்தான் ருசி.

மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அண்ணன் தம்பி இரண்டு பேர் பவர் டில்லர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார்கள். ஆலங்குடிப் பக்கம் வயலில் டடடடவென்று ஓடுகிறதே, அதே பவர் டில்லர்தான். அண்ணனுக்குக் கார்ப் பந்தயப் பைத்தியம். தம்பிக்கு அண்ணன் பைத்தியம். இரண்டு பைத்தியமும் சேர்ந்து கடையின் பின்பக்கத்தில் ஒரு காரைக் கட்டின. நான்கு சக்கரமும் வெளியே தெரியும், ஒரே ஒரு ஆள் படுத்தவாக்கில் உட்கார்ந்து ஓட்டும் கார். எல்லா அணிகளும் ஒரே விதிமுறைக்குள் கட்ட வேண்டும். அந்த விதிமுறைக்குத்தான் ஃபார்முலா என்று பெயர்.

முதல் சில வருடங்கள் கடைசியில் வந்தார்கள். மற்ற அணிகள் இவர்களுக்கு ‘உழவுக்காரர்கள்’ என்று பட்டப்பெயர் வைத்தன. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தார்கள். முன்னால் வர ஆரம்பித்ததும் அவசரமும் கூடவே வந்தது. ஒரு பந்தயத்தில் டயர் மாற்றிவிட்டுக் கிளம்பிய கார், இரண்டாவது வளைவில் ஒரு சக்கரத்தைத் தனியாக அனுப்பிவிட்டது. சக்கரம் வேலியைத் தாண்டி ஓடியது. ஓட்டியவருக்குக் கால் முறிந்தது. விசாரித்தபோது வெளியே வந்ததுதான் பயங்கரம்: அந்தச் சக்கரத்தின் நட்டு சரியாக உட்காரவில்லை என்று மூன்று பேருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. முதல் ஆள் இரண்டாவது ஆளைப் பார்த்தார். இரண்டாவது ஆள் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்றைக்கு அந்த அணி ஒரு விதி போட்டது. யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கை தூக்கலாம். கை தூக்கினால் கார் நிற்கும். ஓட்டுநர், முதலாளி, யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சுவரொட்டியில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருப்பேன். அடுத்தது கேளுங்கள். விதி வந்த பிறகு முதல் தடவை ஒருவர் கை தூக்கினார். அண்ணன் ஓடிவந்து, "ஏன்? என்ன ஆதாரம்? உறுதியாகத் தெரியுமா?" என்று கேட்டார். அந்த மெக்கானிக்குக்கு உறுதியாகத் தெரியாது. உறுதியாகத் தெரிந்தால் அதற்குப் பெயர் சந்தேகமே இல்லையே! அவர் கையை இறக்கிவிட்டார். கார் போனது. எஞ்சின் புகைந்து நடுப்பாதையில் நின்றது.

அண்ணன் கடைக்கு வந்து எல்லார் முன்னாலும் குனிந்து நின்றாராம். விதியில் இரண்டாவது வரியைச் சேர்த்தார்கள்: கை தூக்கியவரிடம் ‘எது’ என்று மட்டும் கேள். ‘ஏன்’ என்று பந்தயம் முடிந்த பிறகு கேள். மீறினால் அண்ணனாகவே இருந்தாலும் வெளியே போக வேண்டும்.

எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருகிறது. ஒரு மழை நாள் பந்தயத்தில் பழக்க தோஷத்தில் அண்ணன் "ஏன்" என்று கத்திவிட்டார். தம்பி திரும்பிப் பார்த்துக் கையை வாசல் பக்கம் நீட்டினார். அண்ணன் மறுபேச்சில்லாமல் வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்குப் போய்க் குடை இல்லாமல் நின்றார். அந்தப் பந்தயத்தில்தான் அணி முதன்முதலாக ஜெயித்தது! கடையை அடகு வைத்துக் கார் கட்டிய மனுஷன், முதல் வெற்றியை ஒலிபெருக்கியில் கேட்டார். வீடியோவில் அதைச் சொல்லும்போது, இப்போது கிழவராகிவிட்ட அந்த அண்ணன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து தனியாகக் கைதட்டினேன்.

கல்லூரி திறந்ததும் இந்த விதியை அப்படியே கொண்டுவந்து நம் ஷெட்டில் இறக்கினேன்.

குளத்தூர் வட்டத்தில் ஒரு கல்லூரி, அதன் பின்கோடியில் ஒரு தகர ஷெட், அதற்குள் ஃபார்முலா கார் என்றால் அப்போது யாரும் நம்ப மாட்டார்கள். காரை ஓட்டிப் பார்க்க மைதானம் கிடையாது. திருக்கோகர்ணத்துக்கு வெளியே மனை விற்கிறவர்கள் ஒரு லேஅவுட் போட்டு, தார் ரோடு போட்டு, கொடி கட்டி, வீடு மட்டும் வராமல் வைத்திருந்தார்கள். அந்த ரோட்டில்தான் ஓட்டினோம். வளைவில் ஆடு வந்தால் அதுவும் பயிற்சிதான்.

அணியில் இரண்டு பேரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவன் அடைக்கலம். குளத்தூர்க்காரன், எங்கள் சிறந்த ஓட்டுநர். தாத்தா பெயரை வைத்துவிட்டார்கள் என்று முதல் வருடம் முழுக்கக் கிண்டல் வாங்கினான். ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகு யாரும் கிண்டல் செய்யவில்லை. இன்னொருவன் குமரேசன். கீரமங்கலம். வீட்டில் பூ விவசாயம். பூ மார்க்கெட்டில் கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை. சக்கரங்களும் பிரேக்கும் அவன் பொறுப்பு. சும்மா இருக்கும்போதே அவன் முகம் சிரிக்கிற மாதிரிதான் இருக்கும்.

நான் ஜப்பான் கதையைச் சொல்லி முடித்த நிமிடமே அவன் கை மேலே போனது.

"எது?" என்றேன், பெருமையாக.

"டீ. இன்னும் வரலையேன்னு ஒரு சந்தேகம், கேப்டன்."

அன்றிலிருந்து அவன் தினமும் கை தூக்கினான். மெஸ் சாம்பாரில் பருப்பு உண்டா என்று சந்தேகம். ஹெச்ஓடி சாருக்கு எங்கள் மேல் அன்பு உண்டா என்று சந்தேகம். நான் உதைக்க வருவேன், அவன் காரைச் சுற்றி ஓடுவான். "கேப்டன், விதிய மீறுறீங்க! எதுன்னுதான் கேக்கணும்!" ஆனால் இந்தக் கூத்தால் ஒரு நன்மை நடந்தது. கை தூக்குவதில் யாருக்கும் கூச்சம் இல்லாமல் போயிற்று. நிஜமான சந்தேகங்களும் வந்தன. போல்ட் மாறிப் போட்டது, ஒயர் உரசியது, நிறையக் கண்டுபிடித்தோம்.

அந்த வருடப் போட்டிக்குப் போவதற்கு முன் ஹெச்ஓடி சார் கூப்பிட்டார்.

"கேன்டீன்காரங்களுக்கு ஸ்டோர் ரூம் வேணுமாம். ஒங்க ஷெட்டத்தான் கேக்குறாங்க. முதல் பத்து எடத்துக்குள்ள வாங்க, நான் எவன்கிட்டயும் ஷெட்ட விடமாட்டேன். வரலைன்னா என்னால ஒண்ணும் பேச முடியாதும்மா."

ஷெட் இல்லையென்றால் காரை வைக்க இடமில்லை. காரை வைக்க இடமில்லையென்றால் அடுத்த வருடம் பெயர் கொடுக்க முடியாது. அணி அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

போட்டி கோயம்புத்தூர்ப் பக்கம். கடைசி நாள் நீண்ட ஓட்டம். அதில்தான் பாதி மதிப்பெண் விழும், பாதிக் கார்கள் படுத்துவிடும். ஒரே காரை இரண்டு பேர் ஓட்ட வேண்டும். பாதித் தூரத்தில் உள்ளே வந்து நிறுத்தி, ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏற வேண்டும். அதற்கு நேர வரம்பு உண்டு. தாண்டினால் தாண்டிய நேரமெல்லாம் நம் தலையில் ஏறும்.

முதல் பாதி நான். என்ன ஓட்டம் தெரியுமா! வடக்கிலிருந்து வந்த பெரிய பெரிய கல்லூரிகளின் கார்கள் ஓரமாகப் புகைந்துகொண்டு நிற்கின்றன, நம் லேஅவுட் ரோட்டுக் கார் ஓடுகிறது. உள்ளே வந்தபோது பத்துக்குள் இருந்தோம். எட்டிக் குதித்து இறங்கினேன். அடைக்கலம் ஏறினான். குமரேசன் பெல்ட்டை இழுத்துக் கட்டினான். நேரம் நிறைய மிச்சம். நான் ‘போ’ என்று சொல்ல வாயைத் திறக்கிறேன்.

குமரேசன் கை தூக்கினான்.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அடைக்கலம் அலறினான். "டேய், வெளாடாதடா! கையக் கீழ போடு!"

நான் குமரேசன் முகத்தைப் பார்த்தேன். அது வழக்கம்போலச் சிரிக்கிற மாதிரியே இருந்தது. அதுதான் அவன் முகம், அதிலிருந்து எதையும் படிக்க முடியாது. பக்கத்தில் நடுவர் கையில் கடிகாரம். ‘நெசமாவாடா?’ என்பது என் தொண்டையைத் தாண்டிப் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. தம்பிகளே, ‘நெசமாவா’ என்பதும் ‘ஏன்’ என்பதும் ஒரே வயிற்றில் பிறந்தவை. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"எது?"

"முன் வலது. உள்ள வரும்போது ஆடுச்சு."

காரின் மூக்கை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டினான், பக்கவாட்டில் ஆட்டினான். ஒன்றுமில்லை. நட்டைப் பார்த்தான். சரியாக இருந்தது.

"இன்னொரு தரம்" என்றான்.

வரம்பு தாண்டிவிட்டது. அடைக்கலம் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டிருந்தான். நான் "பாரு" என்றேன். மறுபடி ஆட்டினான். கல் மாதிரி நின்றது.

"போ!"

போனான். எப்படி ஓட்டினான் தெரியுமா! சுற்றுக்குச் சுற்று வேகம். பார்த்துக்கொண்டிருந்த மற்ற கல்லூரிப் பிள்ளைகள் நம் காருக்குக் கத்தினார்கள். கார் முடித்தது. நம் அணி வரலாற்றில் முதன்முதலாக நீண்ட ஓட்டத்தை முடித்த கார் அது. ஆனால் தாண்டிய நேரத்தைச் சேர்த்தபோது பதினோராவது இடம்.

அடைக்கலம் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நேராக குமரேசனிடம் வந்தான்.

"பந்தயம் முடிஞ்சிருச்சுல்ல? இப்பக் கேக்கலாம்ல? ஏன்டா?"

"ஆடுன மாதிரி இருந்துச்சு."

"ஆடுச்சா? ஆடுன மாதிரி இருந்துச்சா?"

"மாதிரி."

"மாதிரிக்காடா நம்ம ஷெட்டத் தூக்கிக் குடுத்த?"

குமரேசனிடமிருந்து ஒரு கிண்டல் வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை.

ஊருக்கு வந்ததும் அந்தச் சக்கரத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு விரிசல், ஒரு தேய்மானம், ஏதாவது இருந்துவிடாதா என்று ஒவ்வொரு பாகத்தையும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இருந்திருந்தால் உங்களுக்குச் சொல்ல எவ்வளவு நல்ல கதை கிடைத்திருக்கும்! இல்லை. சக்கரம் நன்றாக இருந்தது. அவன் சந்தேகம் தப்பு. முழுத் தப்பு.

குமரேசன் ஷெட் பக்கம் வருவதை நிறுத்தினான். வகுப்புக்கு வருவான், கடைசி மணி அடித்ததும் ஆலங்குடி பஸ்ஸைப் பிடித்துவிடுவான். போன் அடித்தால் எடுக்க மாட்டான்.

ஷெட்டைக் காலி செய்யும் நாள் வந்தது. எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பாதி உயரத்தில் கொக்கி விரிந்து, எஞ்சின் ஒரு பக்கமாகச் சரிந்து ‘டம்’மென்று தரையில் விழுந்தது. அடைக்கலத்தின் கால் அந்த இடத்திலிருந்து அப்போதுதான் நகர்ந்திருந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தூசி அடங்கியதும் பார்த்தால், கொக்கிக்குப் பக்கத்தில் நின்ற இரண்டாமாண்டுப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மொதல்லயே பாத்தேன் அக்கா. கொக்கி லேசா வாய் பொளந்த மாதிரி இருந்துச்சு."

"சொல்லிருக்கலாம்ல?"

"மாதிரிதானே இருந்துச்சு… சொன்னா, குமரேசன் அண்ணனச் சொன்ன மாதிரி என்னையும் சொல்லுவீங்களோன்னு…"

எங்களிடமிருந்து போனது ஷெட் மட்டும்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். அடைக்கலம் தன் காலைப் பார்த்தான். விழுந்த எஞ்சினைப் பார்த்தான். பிறகு பைக் சாவியை எடுத்தான்.

"கேப்டன், ஏறு. கீரமங்கலம் போவோம்."

நாங்கள் போனபோது பூ மார்க்கெட்டில் சாயங்கால வியாபாரம் மும்முரம். கமிஷன் கடை வாசலில் மூட்டைகளுக்கு மேல் நின்றுகொண்டு குமரேசன் ஏலம் கூவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் குரல் ஒரு நொடி அறுந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது.

"எறங்கி வாடா" என்றான் அடைக்கலம்.

"யாவாரம் நடக்குதுல்ல. அங்கிட்டு நில்லு."

"எறங்குறியா, நான் ஏறவா?"

"ஏறு. சம்பங்கி மூட்டையோட மூட்டையா ஒன்னையும் ஏலம் விடுறேன். எவனும் எடுக்க மாட்டான்."

சுற்றி நின்ற வியாபாரிகள் சிரித்தார்கள். அடைக்கலம் நிஜமாகவே மூட்டை மேல் ஏறிவிட்டான். கடைக்காரர், "தம்பி, பூவு நசுங்குது தம்பி!" என்று பதறினார். அவன் காதில் அது விழவே இல்லை.

"நீ ரெண்டாந்தரம் ஆட்டிப் பாத்தியே, அதுக்கப்புறம் நான் ஓட்டுனதப் பாத்தியா?"

"பாத்தேன்."

"மத்த நாளெல்லாம் வளைவு வரும்போது ஒரு கண்ணு சக்கரத்து மேலயே இருக்கும்டா எனக்கு. யார்கிட்டயும் சொன்னதில்ல. இந்தா களண்டுரும், இந்தா களண்டுரும்னு தோணும். பிரேக்க முன்னாடியே அமுக்கிருவேன். அன்னிக்கு அமுக்கல. ஏன்னா, என் கண்ணு முன்னாடி நீ ரெண்டு தரம் ஆட்டிப் பாத்துட்ட. அம்புட்டுப் பேரு ஓட்டுனானுக, சக்கரம் நிக்கும்னு தெரிஞ்சு ஓட்டுனது நான் ஒருத்தன்தான்."

குமரேசன் கையிலிருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆனாலும் பதினொண்ணுதானே?" என்றான்.

"பதினொண்ணுதான். அன்னிக்கு நான் கத்துனது தப்பு. ஒருத்தி இன்னிக்கு வாயத் தொறக்கல, எஞ்சின் என் கால்ல விழப் பாத்துச்சு. நீ வரலைன்னா இனிமே எவனும் கை தூக்க மாட்டான். எனக்கு ரெண்டு காலும் வேணும்டா."

குமரேசன் மெதுவாகக் கை தூக்கினான்.

"எது?" என்றேன் நான், கீழேயிருந்து.

"ஷெட் இல்லாம கார எங்கிட்டு வச்சுக் கட்டப்போறீங்கன்னு ஒரு சந்தேகம், கேப்டன்."

அது நல்ல சந்தேகம். அதற்கு அவனே பதிலும் வைத்திருந்தான். அவன் மாமாவுக்கு ஊருக்கு வெளியே தேங்காய் குடோன் ஒன்று இருந்தது. பாதியில் தேங்காய், பாதியில் நம் கார். அடுத்த ஒரு வருடம் கல்லூரி முடிந்ததும் ஆலங்குடி பஸ், அங்கிருந்து கீரமங்கலம், வேலை, திரும்ப பஸ். கார் முழுக்கத் தேங்காய் நார். டெஸ்ட் ஓட்டிவிட்டு வந்தால் ரேடியேட்டரில் நார் பிடுங்குவதே தனி வேலை. ஆனால் அந்தக் குடோனில்தான், அந்த இரண்டாமாண்டுப் பெண் ஒரு நாள் கை தூக்கினாள். "எது" என்று ஏழெட்டுக் குரல் ஒன்றாகக் கேட்டதில் குடோன் பூனை ஓடியே போய்விட்டது.

மறு வருடம் அதே போட்டி. எங்களுக்குக் கடைசி வருடம். ஹெச்ஓடி சார் சொன்ன வார்த்தையில் மாற்றம் இல்லை: பத்துக்குள் வந்தால் ஷெட்டைத் திரும்ப வாங்கித் தருகிறேன்.

பத்துக்குள் வந்தோம், ஷெட் கிடைத்தது, இப்போது நீங்கள் உட்கார்ந்து வேலை செய்வது அதில்தான். அந்தக் கதையை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்று மிச்சம் இருக்கிறது. அடைக்கலத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீண்ட ஓட்டத்தின் முதல் பாதியை ஒரு ஜூனியர் பிரமாதமாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். ஏழாவது இடம்! இரண்டாம் பாதி அடைக்கலம். அவனுக்காகவே கட்டிய கார் அது. சீட் அவன் முதுகுக்கு அளவெடுத்தது. ஒரு வருடம் தேங்காய் நாருக்குள் புரண்டது இந்த ஓட்டத்துக்காகத்தான். நான் மாற்று ஓட்டுநராக சூட் போட்டுக்கொண்டு சும்மா நின்றிருந்தேன். வெயில் கொளுத்தியது. அவன் ஏறினான். குமரேசன் பெல்ட்டைக் கட்டினான். எல்லாம் தயார்.

காருக்குள்ளிருந்து ஒரு கை எழுந்தது.

ஓட்டுநர் கை தூக்கி நான் பார்த்ததே இல்லை. கிளம்பத் துடிக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறவன் காரை எதற்கு நிறுத்துவான்? குமரேசன் அவன் பக்கத்தில் மண்டியிட்டான். நாள் முழுக்க வாய் மூடாதவன், ஒரே ஒரு சொல்தான் கேட்டான்.

"எது?"

அடைக்கலம் உயர்த்திய கையை இறக்கித் தன் நெஞ்சில் வைத்தான்.

"நான்."

எனக்குள் நூறு கேள்வி. என்னடா ஆச்சு, பயமா, இப்பப் போயா, ஏழாவது எடத்துல நிக்கிறோம்டா! குமரேசனுக்கும் இருந்திருக்கும். ஆனால் அவன் கை அதற்குள் பெல்ட்டை விடுவித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் அடைக்கலத்தைத் தோளில் தாங்கி வெளியே எடுத்தார்கள். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினேன். என் முதுகுக்கும் அவன் சீட்டுக்கும் நடுவில் யாரோ ஒரு ஜெர்க்கினைச் சுருட்டித் திணித்தார்கள். குமரேசன் பெல்ட்டை இறுக்கினான். நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. ஏழாவது இடம் வழுக்கி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

ஓட்டினேன். பற்களைக் கடித்துக்கொண்டு, பாதையோரம் வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பு ஒன்றைக்கூடத் தட்டாமல் ஓட்டினேன். முடித்தபோது பத்தாவது. சரியாகப் பத்தாவது! கார்கள் வந்து நிற்கும் பிட்டில் எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கியதும் தேடியது ஒரே ஒரு ஆளைத்தான்.

மருத்துவக் கூடாரத்தில் கையில் டிரிப்ஸோடு படுத்திருந்தான். குமரேசன் பக்கத்தில் உட்கார்ந்து, சொட்டு ஒழுங்காக இறங்குகிறதா என்று முறைத்துக்கொண்டிருந்தான்.

"இப்பக் கேக்கலாமா?" என்றேன்.

"காலையிலேர்ந்து வாந்தி" என்றான் அடைக்கலம். "ஒங்ககிட்ட மறைச்சுட்டேன். எப்படியாச்சும் ஓட்டிறலாம்னு நெனச்சேன். பெல்ட்டப் போட்டதும் முன்னாடி நின்ன கொடி ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுச்சு."

"பத்து" என்று விரல்களை விரித்துக் காட்டினேன். சிரித்தான். பிறகு முகத்தை குமரேசன் பக்கம் திருப்பினான்.

"நீ மட்டும் ஏன்னு கேட்டிருந்தேன்னு வையி, ஒண்ணுமில்லடான்னு சொல்லிட்டுக் கெளம்பிருப்பேன்."